வாளிக்குள் வந்து போன கடல்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதை எங்கே கொட்டுவது என்றே தெரிவதில்லை. குப்பையை வாய்க்காலில் கொட்டுகிறார்கள். மீந்த சாம்பாரை ரோட்டில் கொட்டுகிறார்கள். இதோ, இந்தப் பிள்ளை கல் உப்பைச் செடிக்குக் கொட்டுகிறது!

துலுக்கானம் மோட்டார் ரூம் வாசலிலேயே நின்றுவிட்டார். வெள்ளானூரில் புதிதாக வந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் வாட்ச்மேன். காலையும் மாலையும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவதும் அவர் வேலை. அதற்கு முன்னால் ஊரார் வயலில் எல்லாம் நாற்று நட்டவர். உப்பு பட்ட பயிர் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இன்னா பாப்பா, செடிய ஊறுகா போடறியா?”

ஸ்வாதி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது மாடியில் இருப்பவள், ஐந்தாம் வகுப்பு. அவள் முன்னால் ஒரு நீல வாளி. அதில் கறுப்புச் சேறு, சேற்றுக்கு மேல் தண்ணீர், தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு மூன்று சின்னச் செடிகள். அழுகிய முட்டை நாற்றம் வேறு.

“இது அலையாத்தி, தாத்தா. உப்புத் தண்ணியிலதான் வளரும்.”

“எவன் சொன்னான்?”

“எண்ணூர்ல நாகம்மா அக்கா சொன்னாங்க. ஆறு போய் கடல்ல சேர்ற இடத்துல நண்டு பிடிக்கிறவங்க. ஸ்கூல்லேர்ந்து போனப்போ அவங்கதான் விதையும் சேறும் குடுத்தாங்க. இலை விட்டதும் எடுத்துட்டு வா, சேர்ந்து நடலாம்னாங்க. ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டிட்டுப் போறார்.”

“அங்க இல்லாத மரமா?”

“அவங்க பக்கத்துக் கரையில ஒண்ணுகூட இல்ல தாத்தா. அதனால இறால் குஞ்சும் வர்றதில்லையாம். இந்த மரத்தோட வேருக்கு நடுவுலதான் குட்டி இறால், குட்டி மீன் எல்லாம் ஒளிஞ்சு வளரும். பெரிய மீன் உள்ளே நுழைய முடியாது.”

“மீனுக்கு மரத்துல ஊடு! நல்லா ரீல் வுட்டுக்கீறாங்க உங்கிட்ட.”

அதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு பேபி வந்தாள். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வாளிக்குள் டார்ச் அடித்தாள். குட்டிக் குட்டியாய் என்னவோ வளைந்து நெளிந்து ஓடின.

“இன்னா அண்ணாத்தே, கொசுப் பண்ணை வெச்சுகினு கீறியா? கொட்டு இத்தை!”

“அக்கா, வேணாம்!” ஸ்வாதி வாளியைக் கட்டிக்கொண்டாள். “சேறு காஞ்சா செடி செத்துடும்.”

“எனக்கு மட்டும் ஆசையா கண்ணு? போன மாசம் உங்க கீழ்வூட்டுப் பையன் ஸ்ரீநாத்து டெங்குல படுத்தானா இல்லியா?”

ஸ்வாதி வாளியை விட்டுக் கையை எடுத்தாள். பேபியின் குரலும் இறங்கிவிட்டது.

“வெள்ளிக்கிழமை வருவேன். ஒரு புழு இருந்தாலும் செடியோட கொட்டிடுவேன்.”

அவள் போனதும், “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் துலுக்கானம். கொசுவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்வாதி படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஆனால் மூக்கு மட்டும் சிவந்துகொண்டே வந்தது. துலுக்கானத்துக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார். மேலே தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் மெல்ல அடங்கியது.

“தாத்தா!” ஸ்வாதி குதித்து எழுந்தாள். “அங்க தண்ணி நிக்கவே இல்ல!”

“எங்க?”

“எண்ணூர்ல! காலையில என் முட்டி வரைக்கும் தண்ணி. சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா வெறும் சேறு. கடல் உள்ளே வரும், திரும்பப் போகும். நான்தான் முட்டாள், கடலைப் பிடிச்சு நிக்க வெச்சுட்டேன்!”

அவள் மாடிக்கு ஓடி இன்னொரு வாளியும் ஒரு பழைய துப்பட்டாவும் கொண்டுவந்தாள். நீல வாளியில், சேற்று மட்டத்துக்குச் சற்று மேலே ஓட்டை போட்டு, அதற்கு ஓர் அடைப்பும் வைக்க வேண்டுமாம்.

“அது என் வேலையா?” என்றார் துலுக்கானம். என்றாலும் ஆணியைச் சூடாக்கிக் குத்தியது அவர்தான்.

தண்ணீர் துப்பட்டா வழியாக அடுத்த வாளிக்குள் வடிந்தது. புழுக்கள் துணியிலேயே தங்கிவிட்டன. ஸ்வாதி அந்தத் துணியைச் சூடான சிமென்ட் தரையில் உதறினாள். வடித்த தண்ணீரைத் துணியாலேயே இறுக்கி மூடிக் கட்டினாள்.

“நீங்க மோட்டார் போடும்போது நான் தண்ணிய ஊத்துவேன். கடல் வந்தாச்சு. நீங்க நிறுத்தும்போது அடைப்பைப் பிடுங்குவேன். கடல் போயாச்சு. நடுவுல சேறு ஈரமாவே இருக்கும். சரியா தாத்தா?”

“கடல் என் மோட்டாருக்குக் கட்டுப்படுமா? உருப்பட்ட மாதிரிதான்.”

அன்றிலிருந்து மோட்டார் சத்தம் கேட்டதும் மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தமும் கேட்டது. கடல் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீரை ஊற்றிய கையோடு ஸ்கூல் வேன் வந்துவிட்டது. ஸ்வாதி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். துலுக்கானம் மோட்டாரை நிறுத்தினார். வாளியில் தண்ணீர் தளும்பி நின்றது.

“நமக்கு இன்னா வந்துச்சு?” என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பீடியை எடுத்தார். பற்ற வைக்காமலே திரும்ப உள்ளே வைத்தார். பிறகு எழுந்து போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அடைப்பைப் பிடுங்கினார்.

பேபி வந்தபோது வாளியில் வெறும் சேறுதான் இருந்தது.

“தண்ணி எங்க போச்சு அண்ணாத்தே?”

“கடல் வத்திடுச்சு. சாயங்காலம் வரும்.”

பேபி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “வெள்ளானூருக்கா?”

“ஆமா. மோட்டார் போட்டா வரும்.”

பேபி சேற்றில் டார்ச் அடித்தாள். மூடியிருந்த வாளியையும் திறந்து பார்த்தாள். ஒரு புழுகூட இல்லை. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்வாதியின் அப்பா பைக்கைக் கிளப்பினார். ஸ்வாதி வாளியோடு துலுக்கானத்திடம் ஓடிவந்தாள். செடிகளில் புது இலைகள் விரிந்திருந்தன. இலைமேல் வெள்ளையாக ஏதோ மின்னியது.

“உப்பு, தாத்தா! வேண்டாத உப்பை இலை வழியா வெளியே தள்ளிடும். நக்கிப் பாருங்க.”

துலுக்கானம் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். சுள்ளென்று கரித்தது.

“நீ ஊறுகா கையோட தொட்டிருப்பே.”

“இல்ல தாத்தா! இது பெரிசானா அலையோட வேகத்தைக்கூடக் குறைச்சிடும். கரை கரையாது.”

“ஒரு சாண் செடி, கடலையே அடக்கப் போவுதா? போ பாப்பா, போ. மூணையும் நட்டியான்னு வந்து சொல்லு. நான் நம்ப மாட்டேன். ஆனா சொல்லு.”

பைக் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, துலுக்கானம் தலையை ஆட்டிக்கொண்டே மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தார். மீனுக்கு மரத்தில் வீடாம். இலைக்குள் உப்பாம். யாரிடம் கதை விடுகிறார்கள்?

நாக்கில் உப்பு இன்னும் கரித்துக்கொண்டுதான் இருந்தது.