பின்சீட்டுக் கனம்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வண்டி அதே பாலத்தின் மேல்தான் நின்றது. பாலம் என்றால் பிரமாதமாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். எட்டயபுரம் தாண்டிப் புதூருக்குப் போகிற சாலையில், காட்டோடைக்கு மேல் நாலு சிமெண்ட் குழாயைப் பதித்துத் தார் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஓடையில் தண்ணீர் ஓடி ஐந்து மாதம் ஆகிறது. யோகராஜ் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். மீட்டரில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் மின்னினவே தவிர, இன்ஜின் மூச்சு விடவில்லை.

அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அவன் போனில் பார்த்து வைத்திருந்தான். வண்டி கீழே விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஜப்பான்காரன் சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார் வைத்திருக்கிறான். வண்டி சாய்ந்து விழுந்தால் அது இன்ஜினை அணைத்துவிடும். விழுந்தால் சரி. இது இரண்டு சக்கரத்திலும் நேராக நின்றுகொண்டு விழுந்துவிட்டேன் என்றால் என்ன செய்வது?

"விழுந்துட்டேன்னு வண்டி சொல்லுதுன்னா, இங்கன விழுந்தது யாருங்க?" என்றாள் முத்துசெல்வி. கல்யாணமாகி ஆறு மாதம். ஞாயிறுதோறும் புதூரில் அவள் அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒன் தாத்தா விழுந்தாரு. எறங்கித் தள்ளுட்டி."

இருநூறு கிலோ வண்டி. பாலத்தைத் தாண்டித் தள்ளியதும் ஒரே அமுக்கில் கிளம்பியது.

அந்த வண்டி மேல் அவனுக்கு உயிர். அறுநூற்றைம்பது சிசி, இரட்டை சிலிண்டர், சட்டை போடாத உடம்பு மாதிரி இன்ஜினும் குழாய்களும் வெளியே தெரிகிற வண்டி. கோயம்புத்தூரில் பழசாக வாங்கியது. அன்று சாயங்காலமே சென்சாரைக் கழற்றி வீட்டில் மேசை மேல் வைத்துச் சாய்த்துச் சாய்த்துச் சோதித்தான். ஒரு குறையும் இல்லை.

யோகராஜ் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் பிட்டர். அங்கே மிஷினின் மூடி திறந்தால் மிஷினை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. வேலை தடைபடுகிறதே என்று அதைக் கம்பியால் கட்டிவைப்பது அவன் கைக்குப் பழகிய காரியம். அதையேதான் வண்டிக்கும் செய்தான். சென்சாரை ஒதுக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு நேராக ஒரு வயரை இழுத்துக் கொடுத்தான். அதில் கைப்பிடியிலிருந்த, இன்ஜினை அணைக்கிற சிவப்புப் பொத்தானும் சாவியும் செத்துப்போயின. இனி இன்ஜினை அணைக்க சீட்டைத் திறந்து வயரைப் பிடுங்க வேண்டும். அதற்கென்ன, பிடுங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

நாலாவது ஞாயிறு. உச்சி வெயில். பாலத்துக்கு முன்னாலேயே முத்துசெல்வி அவன் தோளைத் தட்டி நிறுத்தினாள்.

"நான் நடந்தே வாரேன். நீங்க வண்டிய அங்கிட்டுக் கொண்டுபோயி நிப்பாட்டுங்க. போன வெள்ளத்துல ஒரு குடும்பமே வண்டியோட இங்கன விழுந்துச்சாம், எனக்குப் பயமா இருக்குங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இறக்கிவிட்டுப் பாலத்தின் மேல் ஓட்டினான். இன்ஜின் நிற்கவில்லை. எப்படி நம்ம வேலை என்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. தாண்டி ஐம்பது அடி தள்ளி நிறுத்திக் காலை ஊன்றினான்.

காய்ந்த பருத்திமாரைச் செடியோடு பிடுங்கிய கரிசல் நிலம் கண்ணுக்கெட்டியவரை கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. ஒரு காக்கா இல்லை. ஹெல்மெட்டுக்குள் வேர்வை வழிந்து கண்ணைக் கரித்தது. கால்களுக்கிடையில் இன்ஜின் மட்டும் தடதடவென்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மழை பெய்து நனைந்த கரிசல் மண்ணின் வாடை அடித்தது. சித்திரை மாதத்தில் ஏது மழை?

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. ஏறிவிட்டாள். அதற்குள்ளாகவா நடந்து வந்தாள்? முத்துசெல்வி ஏறினால் பின் ஸ்பிரிங் இரண்டு விரல்கடைதான் இறங்கும். அவன் கையால் முறுக்கி வைத்த ஸ்பிரிங். இன்றைக்கு அதைவிடக் கூட இறங்கியது. கோபத்தில் தொப்பென்று உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். இரண்டு கைகள் வந்து வயிற்றைக் கட்டிக்கொண்டதும் கியரைத் தட்டினான்.

"என்னட்டி, கோவமா?"

கட்டியிருந்த கை ஜில்லென்றிருந்தது. சட்டை நனைந்தது.

இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

பாலத்தின் மேல் முத்துசெல்வி ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் செருப்பு. மறு கையை ஆட்டி ஆட்டி, வாயைத் திறந்து என்னவோ கத்தினாள். சின்னதாகிக்கொண்டே போனாள்.

யோகராஜ் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். ஓடியது. சாவியைத் திருப்பினான். ஓடியது. கிளட்சைப் பிடிக்க விரலை நீட்டினான். அவன் விரல்களுக்கு மேல் வேறு விரல்கள் வந்து மூடின. ஈர விரல்கள். நகமெல்லாம் கரிசல். வலது கை மேலும் ஒரு கை விழுந்தது. அது ஆக்ஸிலேட்டரை முறுக்கியது.

வயிற்றைக் கட்டிய இரண்டு கைகளும் வயிற்றில்தான் இருந்தன.

எண்பது. தொண்ணூறு.

"ஆத்தா!" என்று கத்தினான். ஹெல்மெட்டுக்குள்ளேயே அமுங்கியது.

பின்பக்கம் மறுபடியும் தாழ்ந்தது. ஓடுகிற வண்டியில் யாரோ ஏறினார்கள். ஸ்பிரிங் அடிமட்டம் வரை போய் முட்டியது. முன்சக்கரம் லேசானது. ஹேண்டில் கையில் சும்மா ஆடியது. பிடி இல்லை. முன்னால் சாலை இடப்பக்கம் வளைந்தது. வண்டி வளையவில்லை.

கண்ணாடியில் முத்துசெல்வி நடுரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஏறியதற்குக் கனமே இல்லை. சின்னஞ்சிறு கை ஒன்று அவன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தது. இடுப்பைச் சுற்றிக் கட்ட அதற்கு எட்டவில்லை. சட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.