இந்தா இருக்கேன்

கந்தப்பளைக்கு மேலே, தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்தியபோது நன்றாக விடிந்திருந்தது. அறுபத்து மூன்றாம் வருடத்து மாசிப் பனி. புல்லெல்லாம் வெள்ளை. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

முதலில் இறங்கியவர் எங்கள் ஹோட்டலில் தங்கியிருந்த ஜப்பான்காரர் சைத்தோ. அடுத்தவர், மலை வழிகாட்டி என்று தன்னைத்தானே சிபாரிசு செய்துகொண்ட வெயிட்டர் மரியரட்ணம். பலகை தூக்க நான், அழகுமுத்து, அதே ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவன். என் வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கோழி துரத்தினால் ஓடுகிறவன் நான்தான்.

சைத்தோ தேயிலை மெஷின் பூட்ட வந்தவர். அவருடைய ஊர் மலைகளில் ஆள் உயரத்துக்குக் கோதுமை மாவு மாதிரி பனி விழுமாம். பாதையே இல்லாத சரிவில் வழிகாட்டி முதலில் வழுக்கி இறங்கி, கீழே நின்று குரல் கொடுப்பாராம். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் இறங்குவார்களாம். இங்கே வந்து அதற்கு ஏங்கிப்போய், ஆசாரியிடம் சொல்லி முனை வளைத்த இரண்டு சறுக்குப் பலகைகள் செய்து வைத்திருந்தார்.

"நம்ம ஊருல விழறது பனி இல்லீங்க தொரை, பனிக்குத் தூரத்துச் சொந்தம்" என்றேன்.

ரட்ணம் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. என்னை முறைத்தார். தன்னுடைய அப்பா கொழும்பில் ஸ்கூல் மாஸ்டர் என்று அவர் சைத்தோவிடம் வழியெல்லாம் அளந்துகொண்டு வந்திருந்தார். ஹோட்டலில் காதில் விழுந்து விழுந்து அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும். நாங்கள் இரண்டு பேரும் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசை, அந்தச் சரிவுக்கு நேர் கீழேதான் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தார்.

அவருடைய அம்மா பவுலின் இந்த மேல்மலையில் கொழுந்து எடுத்தவர். இங்கே எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்கிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "இந்தா இருக்கேன்" என்று பதில் வரும்வரை கூப்பிட்டவள் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். எல்லாரிடமிருந்தும் பதில் வராமல் யாரும் மலை இறங்கவும் கூடாது. ஒரே ஒரு நாள் கங்காணி அவசரப்பட்டு ஆட்களை இறக்கிவிட்டார். புல்வெளிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் பவுலினம்மாவின் கூடை மட்டும் கிடைத்தது.

சைத்தோ பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு குனிந்து வணங்கினார். வழிகாட்டி முன்னே போக வேண்டும்.

ரட்ணம் சரிவைப் பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார்.

"யூ ஃபர்ஸ்ட், சார்."

சொல்லும்போதே அவர் காது சிவந்தது. சைத்தோ சிரித்துக்கொண்டே சறுக்கினார். குழந்தை மாதிரி ஒரு கூச்சல். அது முடியும் முன்பே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, சரிவையும் அவரையும் விழுங்கிவிட்டது.

"சார்!"

பதில் இல்லை. பறவைச் சத்தம்கூட இல்லை. ஈரக் கொழுந்தின் வாசனை மட்டும் கிளம்பியது. அந்தப் புல்வெளியில் ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது.

"ரெத்தினம்…"

ஒரு பெண் குரல். கீழேயிருந்து.

நான் ரட்ணத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, அம்மா கொரலுண்ணே."

"வாய மூடுடா."

"பதில் சொல்லிருங்க. சொல்லாம அவங்க நகர மாட்டாங்க."

"அந்தாளு காதுல விழவா? நாளைக்கு ஹோட்டலே கைகொட்டிச் சிரிக்கும்" என்று கிசுகிசுத்தார்.

அப்போது சைத்தோவின் குரல் கேட்டது. மிக மெதுவான, அசையப் பயப்படுகிறவரின் குரல்.

"மிஸ்டர் ரட்ணம், என் பலகைக்கு முன்னால் தரை இல்லை. ஓர் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். கை மிகவும் குளிர்கிறது. உங்கள் பெயரைச் சொல்கிறார். யார் இவர்?"

"ரெத்தினம்… பதில் சொல்லு சாமி."

ரட்ணம் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"நோபடி, சார்" என்றார். "யாரோ தோட்டத்துக் கூலிக்காரி."

வாசனை நின்றது.

பிறகு மரம் முறிகிற சத்தம். ஏதோ உருண்டு போகிற சத்தம். அது கீழே போய் விழுகிற சத்தம் வரவேயில்லை.

ரட்ணம் தொப்பியை வீசிவிட்டு வயிற்றால் தவழ்ந்து இறங்கினார். "அம்மா! இந்தா இருக்கேன்! இந்தா இருக்கேம்மா!" லயத்துப் பேச்சு, லயத்து அழுகை. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவருக்குத் துணையாக அல்ல, தனியாக நிற்கப் பயந்து.

யாரும் பதில் சொல்லவில்லை.

மூடுபனி விலகியபோது பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி சைத்தோ உட்கார்ந்திருந்தார். ஒரு பலகையைக் காணோம். கோட்டுக் கையில் ஐந்து விரல்கள் பதிந்த இடம் மட்டும் உறைந்து வெளுத்திருந்தது.

"நீங்கள் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது" என்றார். "என்னைப் பின்னால் தள்ளினார். கையை எடுத்துக்கொண்டார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெட்கப்பட்டவர் மாதிரி. பிறகு முன்னே நடந்தார்."

முன்னே என்று அவர் காட்டிய இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது.

திரும்பும் வழியில் சைத்தோ ரட்ணத்தின் முகத்தைப் பார்க்காமல் இருந்ததே பெரிய மரியாதை. ஹோட்டல் வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். வராந்தா நிறைய விருந்தாளிகள். மேனேஜர் எங்கள் தோளுக்கு மேலே பார்த்தார்.

"யாருய்யா அது, உங்க பின்னால? ஈரச் சேலையோட நடுங்கிக்கிட்டு நிக்குது?"

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அடுத்த வேளைப் பாத்திரம் கழுவ ஆள் இருந்திருக்காது.

ரட்ணமும் திரும்பவில்லை. வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, உடைந்த குரலில் சொன்னார்:

"எங்கம்மாங்க சார். மேல்மலையில கொழுந்து எடுத்தவங்க. நான் அவங்க மகன்."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்புறம் ஏன்யா வாசல்ல நிக்க வைக்கிறே? உள்ள கூட்டிட்டு வா" என்றார் மேனேஜர். கதவை அகலத் திறந்து, சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார். காலியான வாசற்படியைப் பார்த்து, "பாத்து வாம்மா, தரை வழுக்கும்" என்றார்.

அவருடைய கண்கள் மெதுவாக, ஒரு வயதான நடையின் வேகத்தில், கூடத்துக்குள் போயின.

நானும் ஒதுங்கினேன். என் முழங்கையில் ஈரத் துணி ஒன்று உரசிப் போனது.