ஐயமானி

நறுமுகையின் ஐயமானி நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் முந்நூறுக்குள் இருக்க வேண்டும். கோவை சேர்க்கை அலுவலகத்தின் மேல்முறையீட்டு அறையில் அந்த எண் சுவர் முழுக்கச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எதையோ திருடிவிட்டு அகப்பட்டவளைப்போல் மகளை அதற்குக் கீழே உட்கார வைத்திருந்தார்கள். பார்க்கப் பார்க்கத் தாய் கௌசல்யாவுக்கு வயிறு எரிந்தது.

"எம்புள்ள படிக்காதவ இல்லீங்க சார். கேட்டுக் கேட்டுப் படிச்சவ."

"அதுதாம்மா பிரச்சினையே," என்றார் அதிகாரி இளம்பரிதி. ஒரு கையால் வயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தார்.

கௌசல்யா ஒன்பதாவது படிக்கும்போது, மைனஸை மைனஸால் பெருக்கினால் எப்படி பிளஸ் வரும் என்று வகுப்பில் ஒருமுறை கேட்டாள். வாத்தியார் சிரித்தார், வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை. படிப்பும் பாதியில் நின்றது. இப்போது திருப்பூரில் பனியனுக்குக் கழுத்துப் பட்டி தைக்கிறாள்.

அதனால்தான் துணையாசான் வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டாள். காலரில் குத்திக்கொள்ளும் சின்னப் பொத்தான் அது. இணையத்தின் மறுமுனையில் ஒரு பொறிமூளை உட்கார்ந்து பாடம் நடத்தும். விடிவதற்குமுன் டியூஷனுக்குப் பஸ் பிடிக்க வேண்டியதில்லை, முட்டிபோட வைக்க ஆளில்லை, பணக்காரப் பிள்ளைக்கும் பனியன் கம்பெனிக்காரி பிள்ளைக்கும் ஒரே வாத்தியார். "இது சிரிக்காது கண்ணு, கூச்சப்படாமக் கேளு," என்று மகளிடம் சொன்னாள். துணையாசான் ஒருநாளும் சிரிக்கவில்லைதான். ஆனால் எதையும் மறக்கவுமில்லை.

கேட்ட கேள்வியையெல்லாம் அது ஐயமானி என்ற கணக்கில் எண்ணி வைத்தது. பிள்ளையை நன்றாகப் புரிந்துகொள்ளத்தான் என்றார்கள். பிறகு, பன்னிரண்டு வருடம் கூடவே இருந்த துணையாசானுக்குத் தெரியாததா மூன்று மணி நேரப் பரீட்சைக்குத் தெரியப்போகிறது என்றார்கள். பரீட்சை ஒழிந்ததென்று ஊரே பட்டாசு வெடித்தது, கௌசல்யாவும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள். சந்தேகம் குறைவாக உள்ள பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை என்ற விதி அதற்கப்புறம் சத்தமில்லாமல் வந்தது.

விவரம் தெரிந்தவர்கள் முழித்துக்கொண்டார்கள். பொத்தானைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, மனித வாத்தியாரைக் கதவடைத்த அறைக்கு வரவழைத்துச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டார்கள். அப்புறம் பொத்தானை மாட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்த பிள்ளையாக வாயை மூடி உட்கார்ந்தார்கள். டியூஷன் ஒழிந்துவிடவில்லை, ஒளிந்துகொண்டது. அவ்வளவுதான்.

"வகுப்புல கேட்டா சிரிச்சீங்க. மெஷின்கிட்டக் கேளுன்னீங்க, கேட்டா எண்ணுறீங்க. அப்புறம் எங்கதான் சார் கேக்கறது?" கௌசல்யாவின் குரல் உயர்ந்தது. அவள் சேலையில் பொத்தான் இல்லை, எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டு என்னம்மா செய்ய?" என்றார் இளம்பரிதி. உடனே அவர் காலரில் இருந்த பொத்தானும் 'டிக்' என்றது. அவசரமாகக் குரலைத் தணித்தார். "பாருங்க, எனக்கும் ஒண்ணு ஏறிடுச்சு. எங்க பதவி உயர்வும் இதை வெச்சுத்தான்." சொல்லும்போதே முகம் சுளித்து மேசைமேல் குனிந்துவிட்டார்.

நறுமுகை எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள். "சார், ரொம்ப வலிக்குதுங்களா?"

டிக்.

"பாப்பா, பேசாம இரு," என்று கௌசல்யா கையைப் பிடித்து இழுத்தாள். மகள் நகரவில்லை.

"எந்தப் பக்கம் வலிக்குதுங்க? சாப்பிட்டப்புறம் அதிகமாகுதுங்களா? முதுகுக்கும் போகுதுங்களா?"

டிக். டிக். டிக்.

இளம்பரிதி அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த மாதிரி யாரும் அவரைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். "வலது பக்கம்மா. சாப்பிட்டாத்தான். தோள்பட்டை வரைக்கும் இழுக்குது," என்று குழந்தையைப்போல் ஒவ்வொன்றாகச் சொன்னார். "மூணு தடவை போயிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி, சின்ன வயசு டாக்டர். ஐயமானி பூச்சியம்னு வாசல்லயே போர்டு வெச்சிருக்காங்க. உள்ள போனதும் வாயு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டார்."

"உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலைங்களா?"

டிக்.

"அவர் எதுக்கும்மா கேக்கப்போறார்! அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்றார். சொன்னபின் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்ததுபோல் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சுவர் பேசியது. "மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. விசாரணையின் நடுவிலும் விண்ணப்பதாரர் ஐந்து ஐயங்களை வெளிப்படுத்தினார்."

கௌசல்யா எழுந்தாள். மகளின் காலரில் இருந்த பொத்தானைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். வெட்கமெல்லாம் தன்னோடு போகட்டும், மகளாவது வாய்விட்டுக் கேட்டு வளரட்டும் என்று அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அதையே குற்றமாக்கிவிட்டார்களே பாவிகள் என்று நெஞ்சு கொதித்தது. மகளின் தோளை அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பின்னால் இளம்பரிதி மேசையைப் பிடித்தபடி எழ முயன்றார், முடியவில்லை. நெற்றி வேர்த்துக் கொட்டியது.

"அம்மா... கேட்டு வைத்தியம் பாக்கற டாக்டர் யாராச்சும்... எங்க இருக்காங்க?"

டிக் என்றது அவர் காலர்.

கௌசல்யா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மகளின் பெயருக்கு எதிரே அந்தச் சிவப்பு எண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"கேக்காதீங்க சார்," என்றாள். "உங்க கணக்குல ஏறிடப்போவுது."