மூன்றாம் வரிசையின் மூச்சுக்குழல்

சமாதானபுரம் சபையில் எந்தப் பாட்டானாலும் இரண்டு சரணம்தான். மூன்றாவது சரணத்துக்குக் காற்று கிடையாது. செவ்வாய்க் கிரகத்து மண்ணைக் குடைந்து கட்டிய அந்த ஆலயத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் அடியிலிருந்து ஒரு மூச்சுக்குழல் வரும். வருகிறவர்கள் தங்கள் காற்றுக்குடுக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, குழலை மூக்கில் மாட்டிக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்று உட்காருவார்கள். காணிக்கைப் பையும் இல்லை. அவரவர் பங்குக் காற்றில் கொஞ்சத்தைப் பொதுத் தொட்டிக்குத் திறந்துவிடுவதுதான் காணிக்கை. பக்கத்து ஆள் பார்த்தால் கொஞ்சம் தாராளமாகவே திறப்பார்கள்.

இந்தக் குழல்களைத் திறந்து மூடும் காற்றறையின் சாவி சபைச் செயலர் வேதமாணிக்கத்திடம் இருந்தது. எந்த இருக்கை யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம். அந்தச் சபையில் வேதத்தை மாற்றிப் படித்தாலும் படிக்கலாம், இருக்கையை மாற்றி உட்காரக் கூடாது.

அவருக்குத் தூக்கம் போய்ச் சில நாட்களாகிவிட்டது. காரணம் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்காரும் சுகிர்தராஜ். வடக்கே ஒரு சுரங்கக் குடியிருப்பு மூடப்பட்டபோது பிழைக்க வந்தவன். வேதமாணிக்கத்தின் மனைவி ரூபாவதிக்குச் செம்புழுதி நுரையீரலில் படிந்து நாளுக்கு நாள் மூச்சு வாங்கியது. சுகிர்தராஜ் அவளுக்கென்று தன் பங்குக் காற்றில் ஒரு குடுக்கை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். ஒன்றும் கேட்க மாட்டான். வேதமாணிக்கம் அவனை வாசலில் நிறுத்தித் துருவித் துருவி விசாரித்தும் பார்த்தார். சிபாரிசு வேண்டாமாம், கமிட்டியில் இடம் வேண்டாமாம், பெண் பார்க்கவும் வேண்டாமாம். வேறு என்னதான் வேண்டும் இவனுக்கு?

"காத்து அவனுக்குத் தேவைப்பட்டாத்தானே அண்ணாச்சி?" என்று ஒரு நாள் காதைக் கடித்தார் முதல் வரிசை அருமைநாயகம். "அதான் அள்ளி அள்ளிக் கொடுக்கான். நான் சபைக்கூட்டத்துல அவனை அத்தனை பேர் முன்னால கேவலமாப் பேசினேன். மறுநாள் வந்து எங்க வீட்டு அடைப்புக்கதவைச் சரிபண்ணிட்டுப் போறான். இது மனுசன் செய்ற வேலையா?"

வேதமாணிக்கத்துக்கு உள்ளுக்குள் திக்கென்றது. குடியேற்றக் கம்பெனி ஊர் ஊராக மனிதப்போலிகளை வேவு பார்க்க அனுப்பியிருப்பதாக ஒரு பேச்சு உண்டு. அச்சு அசல் மனிதன்போலவே இருக்குமாம். இருமுமாம், நரைக்குமாம், மூச்சு மட்டும் தேவையில்லையாம். மனிதப்போலிக்குக் காற்றுப்பங்கும் இல்லை, சபையில் இடமும் இல்லை என்று சட்டமே போட்டிருந்தார்கள். அப்படி ஒன்று தன் வீட்டுப் படியேறி வந்து மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவதை நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவுக்கு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்குமுன்பே பீடத்துக்குப் பின்னால் இருந்த காற்றறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் பாட்டு தொடங்கியதும் மூன்றாம் வரிசை ஓர இருக்கையின் குழலை மூடினார். மனிதனாக இருந்தால் மூச்சு முட்டும், சத்தம் கேட்கும், உடனே திறந்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். ஒரு சலசலப்பும் இல்லை.

வேதமாணிக்கம் கதவைத் திறந்துகொண்டு ஏறக்குறைய ஓடினார். மூன்றாம் வரிசை ஓரத்தில், காற்று இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த இருக்கையில் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கணீரென்ற குரலில் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார். அது அருமைநாயகம்.

சுகிர்தராஜ் பின்சுவரோரம் தன் குடுக்கையோடு நின்றுகொண்டிருந்தான். வேதமாணிக்கம் காற்றறைக்குள் இருந்தபோது நடந்தது இதுதான். பூமியிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பதி விவரம் தெரியாமல் முதல் வரிசையில் அருமைநாயகத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "இது எங்க இடம்!" என்று அவர் ஆலயமே அதிரக் கத்தினார். சுகிர்தராஜ் எழுந்து வந்து, "இங்க உக்காருங்க அண்ணாச்சி" என்று தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டான்.

வேதமாணிக்கத்தின் கண் போன இடத்துக்கு எல்லார் கண்ணும் போயிற்று. வாசிப்பு நின்றது. அருமைநாயகம் குனிந்து விளக்கைப் பார்த்தார்.

"யாருவே இத மூடினது?" என்று எகிறினார். "இதுக்குத்தான் கமிட்டி மாறணும்னு நான் தலைதலையா அடிச்சுக்கிடுதேன்!"

சபையார் அன்றே கேட்டதற்குக் கம்பெனியிடமிருந்து வந்த பதில் மரியாதையாகவே இருந்தது. ஆம், அருமைநாயகம் எங்கள் தயாரிப்புதான் என்றார்கள். தொடக்கத்தில் அனுப்பிய மனிதப்போலிகளுக்கு இயேசுவின் மலைப்பிரசங்கத்தைப் பாடமாகக் கொடுத்திருந்தார்களாம். ஒரு கன்னத்தில் அறைந்தால் அவை மறு கன்னத்தைக் காட்டின. எந்த ஊரிலும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கவில்லை, உடனே பிடித்துவிட்டார்கள். ஆகவே இந்த வகைக்குச் சபைக்கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கற்பித்தார்களாம். அதன் பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை என்று முடித்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ரூபாவதி படுத்தபடியே கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

"சுகிர்தராஜ் தம்பி அவன் இடத்துலயே உக்காந்திருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

"மூச்சு முட்டுற சத்தம் கேட்டதும் திறந்திருப்பேன்."

"அம்புட்டுப் பேரும் பாடிக்கிட்டிருக்கும்போது ஒருத்தன் மூச்சு முட்டுறது உங்களுக்குக் கேக்குமா?"

வேதமாணிக்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த அறையில் நின்றவருக்கு, அங்கே சபையே சேர்ந்து எழுப்பும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது என்பது தெரியாதா? தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் மூடினார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் பார்த்துச் சுகிர்தராஜ் குடுக்கையோடு வந்து நின்றான். "மைனி, தூங்கலியா?" என்று கேட்டுக்கொண்டே குழலை மாட்டிவிட்டான்.

"நான் யாருக்காக மூடினேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் வேதமாணிக்கம்.

"தெரியும் அண்ணாச்சி."

"கோபம் வரலியா?"

"வராம? ரொம்பக் கோபம். ஜெபம் பண்ண உக்காந்தா உங்க முகந்தான் வருது. அடிக்கணும்போல இருக்கு." அவன் குரல் கரகரத்தது. "இங்க வராம இருந்துட்டா இனிமே வரவே மாட்டேன்னு தோணிச்சு. அதான் இன்னைக்கே கொண்டாந்துட்டேன்."

இவன் மனிதன்தான், சந்தேகமே இல்லை என்று வேதமாணிக்கம் நினைத்துக்கொண்டார். அவன் படியிறங்கிப் போனதும் வேறொரு நினைப்பும் வந்தது. நன்றாகச் செய்த மனிதப்போலியாக இருந்தால் அதுவும் இப்படித்தானே சொல்லும்?

மறு வாரம் சபைக்கூட்டம் கூடியது. சட்டப்படி அருமைநாயகத்தை வெளியேற்ற வேண்டும். யாருக்கும் மனம் வரவில்லை. "என்ன இருந்தாலும் நம்ம ஆளு" என்றார் ஒருவர். "அவர் இல்லாம எலெக்‌ஷன் களைகட்டுமா?" என்றார் இன்னொருவர். மனிதப்போலிக்குச் சபையில் இடம் உண்டு என்று சட்டத்தை ஏகமனதாகத் திருத்தினார்கள். அருமைநாயகம் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அது கிடக்கட்டும். அந்தச் சுகிர்தராஜ் விவகாரம் இன்னும் தீரலியே? அன்னைக்குச் சோதனை அவனுக்கு நடக்கவே இல்ல. வாற ஞாயித்துக்கிழமை ஒழுங்கா நடத்திப்புடணும். ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

சுகிர்தராஜ் கூட்டத்துக்கு வரவில்லை. அந்த நேரத்தில் அவன் ரூபாவதிக்குக் குடுக்கை மாற்றிக்கொண்டிருப்பான் என்பது வேதமாணிக்கத்துக்குத் தெரியும். முதல் வரிசையில் கைகள் உயர்ந்தன, அடுத்த வரிசையிலும் உயர்ந்தன. அவர் இருபுறமும் திரும்பிப் பார்த்தார். தூக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அருமைநாயகம் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதமாணிக்கம் காற்றறைச் சாவியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையைத் தூக்கினார்.