நூற்றிருபது ராத்தல் சுவர்

சாந்த் குருவா என்ற தீவு ஊரில், சீனர் கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கிய ஐயாசாமியின் கையிலிருந்து ஒரு தாள் பறந்தது. பிடித்தவளின் கண்களைப் பார்த்ததும் அவனுக்குத் தாளே மறந்தது... அவளோ தாளைத்தான் பார்த்தாள்.

"பள்ளிக்கூடச் சுவர் கன அடிக்கு நூற்றிருபது ராத்தலா? தப்பு, மிசியே," என்று பிரெஞ்சில் 'ஐயா' போட்டாள்.

தீவுக்குச் சுதந்திரம் வருமா என்று ஊரே வாதாடிய 1966-இல், இந்தியாவில் படித்துத் திரும்பிய இவன் மட்டும் பூமி அதிர்ந்தாலும் விழாத பள்ளிக்கூடம் வேண்டுமென்று வாதாடிக்கொண்டிருந்தான். புயலை மட்டுமே கண்ட சக பொறியாளர்கள் தேநீரைச் சிந்திச் சிரித்தார்கள். 'கணக்கில் ஒரு பிழை காட்டுங்கள், திட்டத்தையே விட்டுவிடுகிறேன்' என்று சவால் வேறு விட்டிருந்தான்.

காட்டிவிட்டாள்... பூப்போட்ட கவுனில், நனைந்த கூந்தலோடு!

"பேராசிரியர் எழுதின புத்தகத்திலே இருக்கு, மாம்செல்."

"அவர் எந்த ஊர்ச் சுவரைப் பார்த்தாராம்?"

"இந்தியா... செங்கல்..."

"இங்கே கட்டப்போறது?"

"கருங்கல்..." காது சிவந்தது.

"எங்கப்பா கல் கொத்தற மேஸ்திரி. எனக்குத் தெரியாதா?"

கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த அரைக் கன அடிக் கல்லை அவனையே தூக்கவைத்து, அரிசி மூட்டைத் தராசில் ஏற்றினாள். எண்பத்து நாலு ராத்தல்! அப்படியானால் கன அடிக்கு நூற்று அறுபத்தெட்டு. கட்டடம் கனக்கக் கனக்க, பூமி அதிரும்போது அது வாங்கும் உதையும் கூடும். அவன் போட்ட தூண்கள் தாங்காது.

"இதைச் சொன்னா என் திட்டம் அவ்வளவுதான்."

"சொல்லாட்டி?"

"யாருக்கும் தெரியாது..."

அவள் கண்ணிலிருந்த குறும்பு அணைந்தது. "பிள்ளைங்க படிக்கிற இடம், மிசியே," என்றவள் கொட்டும் மழையில் இறங்கி மறைந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் சொன்னான். சிரிப்பு கால் மணி நேரம் ஓடியது. தலைமைப் பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "தன் பிழையைத் தானே சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். தூணைத் தடிமனாக்கிக் கொண்டா."

அன்று மாலையிலிருந்து அதே தாழ்வாரத்தில் காத்து நின்றான். வானம் பளிச்சென்றிருந்த ஏழாம் மாலை அவள் வந்தாள்.

"மழையே இல்லையே, மிசியே?"

"ஆபீசில் சொல்லிட்டேன். உங்ககிட்டதான் ஒண்ணு சொல்லலே... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. பேர்கூடத் தெரியாது."

"கிளோதெத்." எதிரே ஒரு நீலச் சன்னலைக் காட்டினாள். "அதுதான் எங்க வீடு. ஏழு நாளா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பின்னே ஏன் வரலே?"

"நாலாம் நாளே எனக்கும் பிடிச்சுப் போச்சு..." தலை குனிந்தாள். "மீதி மூணு நாள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஆச்சு."