அண்ணன் அனுப்பிய மெயில்

போன் அலறியது.

சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்த வேட்பாளர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். ஒரு கன்னம் வழவழப்பாக இருந்தது. மறு கன்னத்தில் நுரை.

"அண்ணன் பேசறேன். சொல்லுங்கம்மா."

"உங்க மெயில் வந்துச்சு தம்பி." வயதான பெண் குரல். அவசரமே இல்லாத குரல்.

"சந்தோஷம்மா. எந்த மெயிலு?"

"அதான்... அந்தக் குருவிப் பையனை மொட்டை மாடியிலேருந்து நீங்கதான் தள்ளிவிட்டீங்கன்னு எழுதியிருக்கீங்களே."

நாற்காலி கிறீச்சிட்டது.

"எ... என்னது?"

"இதையெல்லாம் ஒத்துக்க ஒரு தைரியம் வேணும் தம்பி. நல்லா இருங்க."

தொடர்பு அறுந்தது.

வேட்பாளர் போனை அணைத்தார். கழுத்துத் துண்டை உருவி எறிந்தார். எழுந்தார்.

"அண்ணே, இந்தப் பக்கம் பாக்கியிருக்கு..." என்றார் சவரக்காரர், கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி.

"கிடக்கட்டும்யா!"

அவருடைய தேர்தல் அலுவலகம் எதிர் வரிசையில்தான். பாதிச் சவரத்தோடு ஓடினார்.

ஓடட்டும். அதற்குள் குருவியைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

வேட்பாளருக்குப் பின்னால் முதலாளிகள் கிடையாது. மெயில்தான் இருந்தது. 'உங்கள் அண்ணன் எழுதுகிறேன்...' என்று ஆரம்பிக்கும் மெயில். ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு போதும் என்று கேட்கும். தையல்காரர்கள், நர்ஸுகள், லாரி டிரைவர்கள் எல்லோரும் அனுப்பினார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்தவரையும் அனுப்பச் சொன்னார்கள். அந்த மெயில்களை எழுதியவன் குருவி. ஒல்லி உடம்பு, ஓயாத வாய்.

ஒரு காலையில் அலுவலகத்தின் பின்சந்தில் கிடந்தான். மொட்டை மாடியில் பேனர் கட்டும்போது கால் தவறியது என்று கோப்பு மூடப்பட்டது. அன்று அண்ணன் வெளியூரில் இருந்ததாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

அவன் அக்காவுக்கு மட்டும் வேறு கதை தெரியும்.

"ஜனங்க குடுத்த காசெல்லாம் அண்ணனோட மாப்ளே வீட்டுக்கு மேல்மாடியா ஆயிடுச்சுக்கா." அவன் கடைசியாகப் பேசியது அது. "அண்ணன் மாடிக்கு வரச் சொல்லியிருக்காரு. பேசிட்டு வர்றேன்."

இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "செத்தவன் சொன்னான்னு நீ சொல்றே. கோர்ட்ல நிக்காதும்மா. அந்த ஆளே வாயத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

அவள் அழவில்லை. தம்பியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தம்பி விட்ட இடத்தில் அக்கா என்று மேடையில் அறிவித்து அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, தம்பியைக் கொன்றவனின் கண்ணீரை அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு. ஒவ்வொரு வாரமும்.

கதவு படாரென்று திறந்தது.

"எவன் வேலை இது?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "நானும் இப்பதாண்ணா பார்த்தேன். நம்ம முகவரியிலேருந்துதான் போயிருக்கு."

வேட்பாளர் படித்தார். நுரை சட்டையில் சொட்டியது. 'உங்கள் அண்ணன் எழுதுகிறேன். அவனைத் தள்ளியது நான்தான். அன்று நான் வெளியூரில் இல்லை. பின்சந்தில் நின்ற என் காரை ஒருவர் படம் எடுத்திருக்கிறார்...'

"பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்கண்ணா. உங்க மாப்ளே ஃபேன் சுவிட்சு பக்கத்துல எழுதி ஒட்டியிருக்காரு."

மூலையில் நகம் வெட்டிக்கொண்டிருந்த மைத்துனன் நெளிந்தான். "மறந்துடும்ல மாமா... அதான்."

"மறந்துடும்! சோறு திங்க மறக்கறியாடா நீ?"

"இது எதிர்க்கட்சி வேலை மாமா. சந்தேகமே இல்லை."

"எத்தனை பேருக்குப் போச்சு?"

"லிஸ்ட்ல இருந்தவங்களுக்குப் போயிடுச்சுண்ணா. இனிமே திருப்பி எடுக்க முடியாது." அவள் மேஜை போனைக் காட்டினாள். ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. "அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான்தான் பிடுங்கிவிட்டேன்."

வேட்பாளர் அவளையே பார்த்தார். பார்வை கத்தியைப் போல இறங்கியது.

"நீ நம்பறியா தங்கச்சி?"

அவள் நிமிர்ந்தாள்.

"நம்பினா இங்கே உட்கார்ந்திருப்பேனாண்ணா?"

அவர் மூச்சு விட்டார். மைத்துனனும் விட்டான்.

"சரி. உடனே மறுப்பு அனுப்பு. 'இது பொய், நான் ஊர்லயே இல்லை'ன்னு போடு."

"போடலாம். ஆனா அந்தக் கார் படம்?"

வேட்பாளர் திரையை மறுபடி படித்தார். அவளே தொடர்ந்தாள்.

"அது வெளியில வந்துச்சுன்னா, ஊர்ல இல்லைன்னு சொன்ன வாய்க்கு யாரும் காது குடுக்க மாட்டாங்க. இருந்தேன், காப்பாத்தப் பார்த்தேன், முடியலைன்னு சொல்லுங்க. அழுதுடுவாங்க."

"மாமா, போலீஸ்ல வேற மாதிரி..." என்றான் மைத்துனன்.

"வாய மூடுறா. அதைப் பதட்டத்துல மாத்திச் சொன்னேன்னு சமாளிச்சுக்கலாம். எழுதும்மா."

"நான் எழுதினா பழைய மெயில் மாதிரியே இருக்கும். இன்னைக்கு நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன். முதல் தடவையா அண்ணனோட சொந்தக் குரல்."

அவருக்கு அது பிடித்திருந்தது. உலாத்தினார். தொண்டையைச் செருமினார்.

"உங்கள் அண்ணன் எழுதுகிறேன். குருவி எனக்குத் தம்பி மாதிரி. அன்றைக்கு மாடியில் நானும் இருந்தேன். கைப்பிடிச் சுவரில் ஏறாதே என்றேன். கேட்கவில்லை..."

அவள் விரல்கள் நின்றன.

"வெறும் தண்ணியா இருக்குண்ணா. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? எந்த மெயிலா இருந்தாலும், கண்ணால பார்த்த ஒரு சின்னப் பொருள் உள்ளே இருக்கணும். நர்ஸம்மா மெயில்ல அறுந்த செருப்பு. டிரைவர் மெயில்ல ஓட்டை டிபன் டப்பா. அது இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க. அவன்கிட்ட என்ன பார்த்தீங்க?"

வேட்பாளர் கண்ணை மூடினார்.

மாடியும் காற்றும் அந்த மெலிந்த மணிக்கட்டும் இமைகளுக்குள் வந்திருக்க வேண்டும். குரல் தானாகவே நெகிழ்ந்தது. நல்ல நடிகன் தன் நடிப்புக்கே மயங்குவான்.

"அவன் கையைத் தாவிப் பிடித்தேன்... வார் அறுந்தது. அவன் விழுந்துவிட்டான். என் கையில் மிஞ்சியது அவனுடைய வாட்ச் மட்டும்தான்."

அவள் அடித்தாள். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

"பிரமாதம் மாமா, எனக்கே தொண்டையை அடைக்குது," என்றான் மைத்துனன்.

"வாட்ச் இப்போ எங்கேண்ணா? கேப்பாங்க."

"என் பீரோவிலதான் இருக்கு. அதையும் சேர்த்துக்கோ. 'இன்றும் என்னிடம் பத்திரமாக...'ன்னு போடு."

சேர்த்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"நீங்களே அழுத்துங்கண்ணா."

வேட்பாளர் அழுத்தினார். லட்சக்கணக்கான பெட்டிகளுக்குள் ஒரே நொடியில் அவர் நுழைந்தார். முகநூல் பக்கத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதையே அவள் ஏற்றினாள்.

அப்புறம் எழுந்து, பிடுங்கிய போன் ஒயரைச் சாவகாசமாகச் செருகினாள்.

"முதல் மெயில் எத்தனை பேருக்குப் போச்சுன்னு கேட்டீங்களேண்ணா."

"ம்."

"ஒருத்தருக்கு."

"என்ன?"

"எங்கம்மாவுக்கு. சாவு வீட்டுக்கு நீங்க மாலையோட வந்தப்ப அவங்க வாயே திறக்கலை. அதான் இன்னைக்குப் போன்ல குரல் தெரியலை உங்களுக்கு."

வேட்பாளரின் வழித்த கன்னமும் வெளுத்தது.

"அப்ப அந்த... கார் படம்..."

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அந்த மெயில் நான் எழுதினது. இப்ப ஊரே படிக்குதே, அதுதான் உங்களோடது."

அவர் பாய்ந்தார். மேஜை கவிழ்ந்தது. அவள் கழுத்துக்கு நீண்ட கை பாதியிலேயே நின்றது. பின்னாலிருந்து யாரோ அதைப் பிடித்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர்.

"லிஸ்ட்ல என் முகவரியையும் சேர்த்துட்டு, வந்து காத்திருக்கச் சொன்னாங்க இந்தம்மா. கீழே ஜீப்பிலேயே படிச்சுட்டேன். உருக்கமா இருந்துச்சு."

"சார், நான் காப்பாத்தத்தான்..."

"சரி. அப்ப கீழே இறங்கிப் போய் ஏன் பார்க்கலை? விழுந்தப்புறமும் உயிர் இருந்திருக்கு. விடியற வரைக்கும் தனியாக் கிடந்தான்." அவர் குரல் தணிந்தது. "அவன் எப்பவும் கட்டற வாட்ச் பொணத்துக் கையில இல்லைங்கறதை நாங்க வெளியில விடவே இல்லை. வாங்க, பீரோவைத் திறந்துட்டுப் போகலாம்."

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கலகலப்பு அவளுக்குத் தம்பியின் ஓயாத பேச்சைக் கேட்பது போல இருந்தது. முதல் முறையாக அவள் கண்ணில் நீர் கோத்தது. யாருக்காகவும் எழுதாத கண்ணீர்.

வாசலில் வேட்பாளர் திரும்பிப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

மைத்துனன் இன்னும் போனையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... அந்த வாட்ச் மெயிலுக்குப் பணம் கொட்டுதுக்கா. இத்தனை நாள்ல இப்படி வந்ததே இல்லை. என்ன செய்ய?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திருப்பி அனுப்பிடு. உன் மாமாவோட வக்கீலுக்கு உன் மேல்மாடியை வித்துக்கலாம்."