மூன்றாவது படம்

"அங்கிள், அசையாதீங்க" என்று ஒலிபெருக்கியில் நோயலின் குரல் கேட்டது.

முனிகிருஷ்ணன் அசையவே இல்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து, பட்டையால் இறுக்கி, ஸ்கேன் வளையத்துக்குள் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். புற்று வந்த புராஸ்டேட்டை எடுத்து இரண்டு வருடமாகிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் புற்றைக் காட்டும் எண் மறுபடி ஏறியிருந்தது. காலையில் ஊசியில் கதிரியக்க மருந்து ஏற்றினார்கள். புற்று எங்கே பரவியிருந்தாலும் மருந்து அங்கே போய் ஒட்டும், படத்தில் கறுப்பாகத் தெரியும். தரைக்குக் கீழே இருந்த அந்த அறையில் ஸ்பிரிட் வாசனையும் ஏசியின் குளிரும் வளையத்துக்குள் ஏதோ ஓயாமல் சுழலும் முனகலும் சேர்ந்து அவர் மார்பின் மேல் உட்கார்ந்திருந்தன.

டெக்னீஷியன் நோயல் உள்ளே வந்தான்.

"முதல் படத்துல இடுப்பெலும்புல ஒண்ணுதான் இருந்தது அங்கிள். ரெண்டாவதுல வேற மாதிரி வருது. இன்னொண்ணு எடுத்துடறேன்."

"வேற மாதிரின்னா எப்படிப்பா?"

அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் பட்டையை இன்னும் இறுக்கிவிட்டுப் போனான்.

மூன்றாவது முறை, இடுப்புக்குள் ஒன்று ஊர்ந்தது. வலி இல்லை. குளிர்ச்சி. முதுகெலும்பில் ஏறியது. ஒவ்வொரு கணுவிலும் நின்றது. ஏறியது.

ஒலிபெருக்கியை மூட மறந்திருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து டாக்டரம்மா மிஷினை அணைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார்.

"மிஷின் ஆஃப் மாடு, நோயல்."

"ஆஃப் ஆகிதே மேடம். ஆவாகலே ஆஃப் ஆகிதே." எப்போதோ அணைந்துவிட்டதாம்.

முனகல் நின்றிருந்தது. படுக்கை தானாக வெளியே வழுக்கியது. அவிழ்க்க யாரும் வரவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் திரை. அதில் அவர் உடம்பின் கோடு. இடுப்பில் ஒரு புள்ளி. முதுகில் மூன்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது. விலா. தோள். நோயல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாராவது வாங்களேன்!" என்று முனிகிருஷ்ணன் கத்தினார்.

கதவு திறந்தது. அவருடைய மனைவி சாந்தகுமாரி. வெளியே உட்கார்ந்திருந்தவள், அவர் குரல் கேட்டு ஓடி வந்திருந்தாள்.

"என்னங்க, என்னாச்சு?"

"வராத சாந்தா. கிட்ட வராத."

அவள் வந்துவிட்டாள். கட்டியிருந்த அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் திரையைப் பார்த்தார்.

உடம்பின் கோட்டுக்கு வெளியே, வெறும் வெள்ளையில், ஐந்து சின்னப் புள்ளிகள். அவர் கையைப் பிடித்திருந்த விரல்களின் நுனிகள்.

பிறகு மணிக்கட்டு.